இது என்ன சாமான்? மண்ணிலிருந்து வந்த உலோகத்தை அடையாளம் காணும் வழி

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில், கோதுமை அறுத்து முடித்த ஒரு வயலில் மெட்டல் டிடெக்டரோடு நான் இறங்கிய மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அது. முந்தைய இரண்டு ஞாயிறுகளில் கிடைத்தவை தோட்டா உறைகள், சோடா மூடிகள், டிராக்டரிலிருந்து கழன்று விழுந்த ஒரு நட்டு. அன்று மதியம் கருவி அழுத்தமாக, சீராக ஒலித்தது. ஒரு சாண் ஆழத்தில் பச்சை நிறத்தில் ஒரு துண்டு வந்தது. உள்ளங்கையில் அடங்கும். ஒரு பக்கம் கிண்ணம்போலக் குழிவு, மறு பக்கம் மேடு. மேட்டில் பூவிதழ்களைப் போலக் கோடுகள். விளிம்பு தாறுமாறாக உடைந்திருந்தது. ஓரத்து மண்ணை விரலால் மெல்ல ஒதுக்கியபோது ஓர் ஆங்கில எழுத்து தெரிந்தது: டபிள்யூ.

வீடு திரும்பும் பஸ்ஸில் அதற்கு நான் மூன்று பெயர்கள் வைத்தேன். ரோமானியக் கிண்ணம், வாள் பிடியின் குமிழ், யாரோ ஒரு பிரபுவின் மேலங்கிப் பொத்தான். மூன்றும் தவறு. அது போகட்டும்; பெயரிலிருந்து தொடங்கியதே பெரிய தவறு. 'ரோமானியக் கிண்ணம்' என்று ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால், கண் அதற்குப் பிறகு கிண்ணத்துக்கான சாட்சியை மட்டுமே பொறுக்கும். டபிள்யூ என்ற எழுத்து ரோமானியரிடம் கிடையாது என்ற பள்ளிக்கூடப் பாடம்கூட எனக்கு அன்று நினைவுக்கு வரவில்லை!

பழகியவர்கள் வேறு வரிசையில் போகிறார்கள். என்ன உலோகம், எப்படிச் செய்தார்கள், எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே கிடந்தது என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள். பெயர் கடைசியில் வருகிறது, சில வேளை வராமலும் போகிறது. கிணறு தூர்வாரும்போது அகப்பட்டதற்கும் தாத்தா வீட்டுப் பரணில் கிடப்பதற்கும் இதே கேள்விகள்தாம்.

முதலில் புளியைக் கீழே வையுங்கள்

பச்சைக் களிம்பு பிடித்த எதைப் பார்த்தாலும் நம் கை புளியைத் தேடும். குத்துவிளக்கையும் செம்புப் பானையையும் அப்படித் தேய்த்தே வளர்ந்த வீடு நம்முடையது. மண்ணிலிருந்து வந்த பொருளில் அந்தப் பழக்கம் ஆகாது. புளி, எலுமிச்சை, வினிகர், கம்பி பிரஷ், மின்சாரம் பாய்ச்சித் துரு நீக்கும் வித்தை எதுவுமே வேண்டாம்.

காரணம் எளிது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடந்த செம்புக் கலவைப் பொருளில் பழைய மேற்பரப்பு இருப்பது உலோகத்தில் அல்ல, களிம்பில். கோடும் எழுத்தும் முலாமும் அந்த மெல்லிய பச்சைத் தோலில்தான் தங்கியிருக்கின்றன. களிம்பைச் சுரண்டினால் அடியிலிருந்து வெறும் சொரசொரப்பான உலோகம் வரும். பளபளக்கும், ஆனால் எதுவும் சொல்லாது. இரும்பில் இது இன்னும் வினோதம். கத்தியைச் சுற்றியிருந்த துணியின் நெசவும் மரப்பிடியின் நாரும் துருவோடு துருவாகி அப்படியே பதிந்திருக்கும். துருவைத் தட்டியெடுப்பவர் தெரியாமலேயே அந்தத் துணியையும் எடுத்து எறிந்துவிடுகிறார்.

இதற்கு ஒரு தலைக்கவசத்தைச் சொல்ல வேண்டும். 2010 மே மாதம், வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியாவில், கிராஸ்பி காரெட் என்ற சின்னஞ்சிறு ஊருக்கு அருகே மெட்டல் டிடெக்டரோடு தேடிய ஒருவருக்கு உலோகத் துண்டுகள் கிடைத்தன. பெரியவை 33, சிறியவை 34. ஏதோ விக்டோரியா காலத்து அலங்காரப் பொருள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். பிறகு ஏல நிறுவனங்களின் பட்டியல்களைப் புரட்டியும் இணையத்தில் தேடியும் வியாபாரிகளிடம் விசாரித்துமே அது ரோமானியக் குதிரை வீரன் அணிந்த முகமூடிக் கவசம் என்று தெரிந்துகொண்டார். இளைஞனின் முகம், சுருள் முடி, கூம்புத் தொப்பி, அதன் உச்சியில் சிறகு முளைத்த சிங்க உடல் கொண்ட ஒரு விலங்கு. முகத்துக்கு மட்டும் வெள்ளீயம் பூசியிருந்தார்கள். வெண்கல நிறத் தொப்பிக்குக் கீழே முகம் வெள்ளிபோல மின்ன வேண்டும் என்பதற்காக. அந்தப் பூச்சு எவ்வளவு மெல்லியது என்று நினைத்துப் பாருங்கள். அதைக் கண்டெடுத்தவர் கையில் ஒரு கம்பி பிரஷ் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும்.

அந்தக் கவசம் அதே ஆண்டு அக்டோபரில் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் சுமார் 23 லட்சம் பவுண்டுக்குப் போனது. கார்லைல் நகர அருங்காட்சியகம் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி ஏலம் கேட்டும் எட்டவில்லை. தொல்லியலாளர்களுக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. துண்டுகளாகக் கிடந்த நிலையில் அவர்கள் நிதானமாக ஆராய்வதற்கு முன்பே, விற்பனைக்காக ஒட்டிச் சீரமைத்துவிட்டார்கள். அழகாக இருக்கிறது, ஆனால் ஒட்டுவதற்கு முன் அந்தத் துண்டுகள் எதைச் சொல்லியிருக்கும் என்று இனிக் கேட்க முடியாது.

ஆகவே வீட்டில் செய்யத் தகுந்தது கொஞ்சம்தான். ஈர மண்ணை உலரவிட்டு, மென்மையான தூரிகையால் தளர்ந்த மண்ணை மட்டும் தட்டலாம். இரும்பைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பச்சைக்கு நடுவே வெளிர் பச்சைத் தூள் புதிதாகப் புள்ளி புள்ளியாகக் கிளம்பினால் அது வெண்கல நோய். மண்ணின் உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்கின்றன என்று பொருள். அப்போது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைத்துவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும்.

என்ன உலோகம்?

தங்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எத்தனை நூற்றாண்டு கழித்து எடுத்தாலும் நேற்று போட்டதுபோல மஞ்சளாக வரும். 'இது தங்கமாக இருக்குமோ' என்று சந்தேகம் வந்தாலே பெரும்பாலும் அது தங்கம் இல்லை. வெள்ளி சாம்பலும் கருப்புமாக மங்கியிருக்கும். ஈயத்தின் மேல் வெண்மையான, பால்கோவா நிறத்துத் தோல் படியும். கையில் எடுத்தால் அளவுக்குப் பொருந்தாத கனம். இரும்பு செம்பழுப்புக் கட்டியாக, மண்ணையும் கல்லையும் தன்னோடு சேர்த்து வீங்கிக் கிடக்கும். எடை இல்லாமல், வெள்ளைத் தூள் படிந்து வந்தால் அலுமினியம். அதைப் பார்த்ததும் வரலாற்றுக் கனவைக் கலைத்துக்கொள்ளலாம். அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டதே 1886இல்தான்.

பச்சை நிறம் என்றால் செம்பு கலந்தது. இங்கேதான் புதியவர்கள் அவசரப்பட்டு 'வெண்கலம்' என்று எழுதுவார்கள். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது, பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. களிம்பு மூடிய பிறகு இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. அருங்காட்சியகக்காரர்கள் அதனால்தான் 'செம்புக் கலவை' என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துவிட்டது. தெரிந்த அளவுக்கு மேல் ஒரு எழுத்துக்கூட அதில் இல்லை.

இரும்பு அல்லாத, மேலே பூச்சோ பற்றுக்கொண்ட நாரோ இல்லாத திடமான துண்டுக்கு, வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நகைக்கடையில் உள்ளதுபோல 0.1 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு வேண்டும். முதலில் பொருளை எடை போடுங்கள். என் துண்டு 68 கிராம். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் அந்தப் பொருள் இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. அதாவது பொருளின் கன அளவு, கன சென்டிமீட்டரில். எனக்கு 8 காட்டியது. 68ஐ 8ஆல் வகுத்தால் 8.5.

ஈயத்துக்கு அந்த எண் 11.3, வெள்ளிக்கு 10.5, தூய செம்புக்கு ஏறத்தாழ 9, இரும்புக்கு 7.9, துத்தநாகத்துக்கு 7.1, அலுமினியத்துக்கு வெறும் 2.7, தங்கத்துக்கோ 19.3. ஆக 8.5 என்பது பித்தளை, வெண்கலக் குடும்பத்துக்குள் சரியாக வந்து உட்கார்ந்தது. உள்ளே பொள்ளலோ மண்ணோ இருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும். சோதனை முடிந்ததும் பொருளை ஒற்றியெடுத்து நன்றாக உலரவிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எப்படிச் செய்தார்கள்?

உலோகம் வயதைச் சொல்லாது. செம்புக் கலவையைப் பிரிட்டனில் 4,000 ஆண்டுகளுக்கு மேலாக உருக்கிக்கொண்டிருக்கிறார்கள். வயதைச் சொல்வது வேலைப்பாடு.

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு விளிம்புகளைப் பாருங்கள். பொருளை இரண்டாகப் பிரிப்பதுபோல ஒரு மெல்லிய மேட்டுக்கோடு ஓடினால், இரண்டு பாதி அச்சுகளைச் சேர்த்து வார்த்திருக்கிறார்கள். வெண்கலக் காலக் கோடரிகளில் இந்தக் கோடு பல வேளை தெளிவாகத் தெரியும். சிலவற்றில் பக்கத்தில் ஒரு சிறு காதும் இருக்கும். தகட்டைத் தட்டிச் செய்ததில் சுத்தியலின் மெல்லிய குழிகள் இருக்கும். கடைசல் பிடித்ததில் ஒரே மையத்தைச் சுற்றிய வட்டக் கீறல்கள். மரை வெட்டியிருந்தால் அதன் இடைவெளியைக் கவனியுங்கள். கையால் வெட்டிய பழைய மரை ஒழுங்கற்றது, ஒரு திருகு இன்னொன்றில் பொருந்தாது. பிரிட்டனில் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் மரைகளுக்கு ஒரே அளவை முன்வைத்தது 1841இல். பிசிறில்லாமல் ஒரே சீராக ஓடும் மரையைப் பார்த்தால் தொழிற்சாலைக் காலத்தை நினைக்கலாம். துருப்பிடிக்காத எஃகு என்றால் 20ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிறகோதான், அதில் வாதத்துக்கு இடமில்லை.

இந்தத் தடயங்கள் 'இந்த ஆண்டில் செய்தது' என்று சொல்வதில்லை. 'இதற்கு முன் செய்திருக்க முடியாது' என்று சொல்கின்றன. கேட்பதற்குச் சின்ன வேறுபாடுதான். ஆனால் பத்து ஊகங்களில் எட்டை அதுவே வெட்டி எறிந்துவிடும்.

என் துண்டுக்கு வருகிறேன். மேட்டுப் பக்கத்து இதழ்க் கோடுகள் உளியால் வெட்டியவை அல்ல. கோட்டின் அடி மழுங்கலாக இருந்தது, உலோகத்தோடு சேர்ந்தே பிறந்ததுபோல. ஆகவே வார்ப்பு. குழிந்த உட்புறம் தீட்டப்படாமல் கரடாக இருந்தது. குடிப்பதற்கான கிண்ணமாக இருந்தால் உட்புறத்தையல்லவா வழுவழுப்பாக்கியிருப்பார்கள்? வெளியே அவ்வளவு அழகு, உள்ளே கரடு என்றால், உட்புறம் யார் கண்ணுக்கும் படாத பொருள். அதோடு உடைந்த விளிம்பு ஓரிடத்தில் மட்டும் உடையாமல், நேராக, வழுவழுப்பாக இருந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு பிளவு இருந்திருக்கிறது.

கிண்ணம் அன்றோடு செத்தது.

உடம்பில் உள்ள காது, வளையம், தேய்மானம்

ஒரு பொருள் மற்றொன்றோடு எப்படிச் சேர்ந்திருந்தது என்பது அதன் வேலையைக் காட்டிக்கொடுக்கும். பின்புறம் ஒரு வளையம் இருந்தால் துணியில் தைத்தது, அல்லது கயிற்றில் கோத்தது. இரண்டு ரிவெட் ஆணிகளும் அவற்றுக்கு நடுவே சிறு இடைவெளியும் இருந்தால் தோல் வாரைப் பிடித்திருந்தது. அந்த இடைவெளியே வாரின் தடிமன். துளையின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து நீண்டிருந்தால் அது பல காலம் ஒரே திசையில் தொங்கியிருக்கிறது.

தேய்மானம் இல்லாததும் ஒரு சாட்சிதான். ஐரோப்பாவின் மிகப் பிரபலமான புதிர்ப் பொருள்களில் ஒன்றான ரோமானியப் பன்னிருமுகி இதற்கு உதாரணம். பன்னிரண்டு ஐங்கோண முகங்கள், ஒவ்வொரு முகத்திலும் வெவ்வேறு அளவில் வட்டத் துளை, இருபது மூலைகளிலும் ஒரு குமிழ், உள்ளே காலி. ரோமானியர் காலத்தில் செம்புக் கலவையில் வார்த்தது. 1739இல் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்ட்ஷயரில் கிடைத்ததுதான் முதலில் பதிவானது. அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேல் கிடைத்துவிட்டன. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி என்று பெரும்பாலும் பேரரசின் வடமேற்கில் கிடைக்கின்றன, ரோமின் சொந்த மண்ணான இத்தாலியில் இல்லை. அவ்வளவு எழுதிக் குவித்த ரோமானியர்களில் ஒருவர்கூட இதைப் பற்றி ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை. மெழுகுவத்தித் தண்டு என்றார்கள், தூரம் அளக்கும் கருவி என்றார்கள், கையுறை பின்னும் அச்சு என்று ஒருவர் பின்னியே காட்டினார்.

2023இல் லிங்கன்ஷயரின் நார்ட்டன் டிஸ்னி கிராமத்தில் தொல்லியல் தன்னார்வலர்கள் தோண்டியபோது முழுதான ஒன்று வெளிவந்தது. சுமார் 8 சென்டிமீட்டர் உயரம், ஒரு கீறல் இல்லை. அதுதான் பெரிய செய்தி. அன்றாடம் கையாண்ட கருவியாக இருந்தால் துளை ஓரத்திலும் குமிழிலும் கை பட்ட வழவழப்பு, நூல் உரசிய தடம் ஏதாவது இருக்க வேண்டுமே! கருவி என்ற கட்சி அதனால் கொஞ்சம் பலவீனமாயிற்று, வழிபாடு, மந்திரம் என்ற கட்சி கொஞ்சம் நிமிர்ந்தது. விடை இன்னும் இல்லை. ஆனாலும் பெல்ஜியத்தின் கோர்ட்டெசெம் அருகே டிடெக்டர்காரர் ஒருவருக்கு அதில் உடைந்த ஒரு மூலை மட்டும் கிடைத்தபோது, அது எதன் துண்டு என்று சொல்ல முடிந்தது. என்ன வேலைக்கு என்று தெரியாத பொருளைக்கூடத் துல்லியமாக அடையாளம் காணலாம். இரண்டும் ஒன்றல்ல.

என் துண்டில் காது எதுவும் இல்லை, அது உடைந்துபோன மேல்பாதியில் இருந்திருக்க வேண்டும். எனக்கு வழி காட்டியது அருங்காட்சியகம் அல்ல, அம்மா. மாலையில் வீடியோ அழைப்பில் துண்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"மாட்டுச் சலங்கைதானே இது? பாதி உடைந்துபோய்விட்டது. உன் தாத்தா வண்டி மாட்டுக் கழுத்தில் கட்டியிருந்தார். உள்ளே இருக்கும் இரும்புக் குண்டு எங்கே?"

அந்தக் குண்டைத்தான் நான் யோசிக்கவே இல்லை. கரடான உட்புறம், நேரான பிளவு, உருண்டை வடிவம் எல்லாம் ஒரே நொடியில் ஒன்றாகச் சேர்ந்தன. இங்கிலாந்தில் இதை மாட்டுக்கு அல்ல, பெரும்பாலும் குதிரைச் சேணத்தில் கட்டினார்கள். எதிரெதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லாத குறுகிய கிராமப் பாதைகளில் இதுதான் ஹாரன். பழைய மணிகள் இரண்டு தகட்டுப் பாதிகளை நடுவில் பற்றவைத்துச் செய்தவை. பின்னால் வந்தவை ஒரே வார்ப்பு. குண்டை நடுவில் வைத்துக் களிமண் உருண்டை செய்து, அதைச் சுற்றி உலோகத்தை ஊற்றி, ஆறிய பிறகு கீழ்ப் பிளவு வழியாகக் களிமண்ணைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். குண்டு மட்டும் உள்ளே சிறைப்பட்டுக் கிடந்து குலுங்கும். உட்புறம் கரடாக இருந்ததன் காரணம் அந்தக் களிமண்தான்.

பொருளைப் பயன்படுத்தியவர்களிடம் காட்டுங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். லாடம் கட்டியவர், தையற்காரர், பழைய கடிகாரம் பழுதுபார்ப்பவர், மீனவர். ஈயக் கட்டியில் ஒரு துளை இருந்தால் நூல் நூற்கும் தக்ளியின் சில்லா, வலைக் குண்டா என்று வலை வீசியவர் விரல் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்.

எழுத்து இருந்தால்

எழுத்து பெரிய அதிர்ஷ்டம், பெரிய பொறியும் அதுதான். என் டபிள்யூவின் கதை சுபம். அந்தப் பகுதியில் கிடைக்கும் வார்ப்பு மணிகளில் பிளவின் ஒரு பக்கம் ஆர், மறு பக்கம் டபிள்யூ என்று பொறித்தவை நிறைய. ராபர்ட் வெல்ஸ் என்பது பெயர்; வில்ட்ஷயரிலேயே ஆல்ட்போர்ன் என்ற கிராமத்தில் 18ஆம் நூற்றாண்டில் மணி வார்ப்புப் பட்டறை நடத்திய குடும்பம். ஒப்பிட்டுப் பார்த்ததில் இதழ்க் கோடுகளும் பொருந்தின. ஆக என் ரோமானியக் கிண்ணம், பக்கத்து ஊர்ப் பட்டறையில் செய்த குதிரை மணியின் கீழ்ப்பாதி.

பொறிக்கு உதாரணம் ஜெட்டான். காசுபோல மெல்லிய, மஞ்சள் வட்டத் தகடு. ஓரத்தைச் சுற்றி எழுத்து, நடுவில் சிலுவை வைத்த உருண்டையோ ரோஜாவோ. தங்கக் காசு கிடைத்துவிட்டது என்று வயலில் துள்ளிக் குதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது காசே அல்ல. கட்டம் போட்ட பலகையில் வைத்துக் கூட்டல் கழித்தல் செய்வதற்கான பித்தளைக் கணக்குச் சில்லு. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தில் ஏராளமாக அச்சிட்டு ஏற்றுமதி செய்தார்கள். ஹான்ஸ் கிராவிங்கெல் என்ற பட்டறைக்காரரின் பெயர் இங்கிலாந்து வயல்களில் திரும்பத் திரும்பக் கிடைக்கும். அவற்றில் அடிக்கடி காணும் வாசகம், 'கடவுளின் ஆசி செல்வந்தனாக்கும்' என்பது. ஆசி கிடைக்கலாம், செல்வம் கிடைக்காது; விலை சில பவுண்டுகள்தான்.

பிரிட்டிஷ் பொருளில் 'ஆர்டி நம்பர்' என்று ஒரு வடிவமைப்புப் பதிவு எண் இருந்தால் அது 1884 அல்லது அதற்குப் பிந்தையது. எழுத்து மங்கலாக இருந்தால் சுண்ணாம்போ மாவோ பூச வேண்டாம். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் புகைப்படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து நிழலில் எழுந்து நிற்கும். இரண்டு பக்கமும் விளிம்பும் தனித்தனியாக, ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்து எடுத்த படத்தால் யாருக்கும் பயனில்லை. கை எவ்வளவு பெரியது என்று யாருக்குத் தெரியும்?

தொடாமல் விட வேண்டியது, சொல்லாமல் இருக்கக் கூடாதது

அடையாளம் காண முயலவே கூடாத பொருள்களும் உண்டு. உருளையாக, ஒரு முனை கூம்பி, இடுப்பில் செம்புப் பட்டையோடு துருப்பிடித்த ஏதாவது தெரிந்தால், அல்லது அன்னாசிப்பழம்போலக் கட்டம் கட்டமாக இருந்தால், குழியைக்கூட மூடாமல் விலகி வந்து போலீஸுக்குச் சொல்லுங்கள். முதல் உலகப் போரின் குண்டுகள் பெல்ஜியத்திலும் வட பிரான்ஸிலும் இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஏர் முனையில் மேலே வருகின்றன. 'இரும்பு அறுவடை' என்றே அதற்குப் பெயர். துரு ஏறியதால் வெடிமருந்து செத்துவிடுவதில்லை.

சட்டமும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலத்துக்காரரின் அனுமதி முதல் படி. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களில் டிடெக்டரே கூடாது. 300 ஆண்டுக்கு மேற்பட்ட, எடையில் குறைந்தது 10 சதவீதம் தங்கமோ வெள்ளியோ உள்ள பொருள் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி புதையல். 14 நாட்களுக்குள் கொரோனரிடம் தெரிவிக்க வேண்டும். சந்தேக மரணங்களை விசாரிக்கிற அதே கொரோனர்தான். இடைக்காலத்திலிருந்து இந்த விநோத வேலையும் அவர் தலையில் இருக்கிறது. கிராஸ்பி காரெட் கவசம் தனியொரு செம்புக் கலவைப் பொருள் என்பதால் அந்தச் சட்டத்தின் வலையில் விழவில்லை, ஏலத்துக்குப் போக முடிந்தது. 2023 ஜூலையில் சட்டத்தைத் திருத்தி, 200 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த உலோகப் பொருளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

புதையல் அல்லாத பொருளைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்வது நல்லது. 1997இல் தொடங்கி, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் வேல்ஸ் அருங்காட்சியகமும் நடத்தும் பதிவுத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பல மாவட்டங்களில் அலுவலர்கள் உண்டு. கொண்டுபோய்க் காட்டினால் இலவசமாக அடையாளம் சொல்வார்கள். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் படங்களோடு அவர்களின் இணையத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. என் மணியை நான் ஒப்பிட்டுப் பார்த்ததும் அங்கேதான்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள்; அந்த எண் பழையதானாலும் கடமை பழையதாகவில்லை. 100 ஆண்டுக்கு மேற்பட்ட உலோகச் சிற்பமும் காசும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். இலங்கையில் 1940இலிருந்தே தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதியின்றிப் புதையல் தேடித் தோண்டுவது அங்கே சிறைக்குப் போகும் வழி.

எங்கே கிடந்தது?

இந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஆனால் விடையை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும், குழி திறந்திருக்கும்போதே. கைப்பேசியில் இருப்பிட எண், ஆழம், மண்ணின் நிறம், பக்கத்தில் ஓடு, கரி, எலும்பு ஏதாவது உண்டா என்பது. உழுத மண்ணுக்குள் கிடந்தால் ஏர் அதை எங்கிருந்தோ இழுத்து வந்திருக்கலாம். உழவு எட்டாத ஆழத்தில் ஒலி கேட்டால், தோண்டுவதை நிறுத்தி, தொல்லியல் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். அங்கே பொருள் அதை வைத்தவர் கை வைத்த இடத்திலேயே இருக்கக்கூடும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ் எழுத்து பொறித்த ஒரு பொருளே சாட்சி. 1836 வாக்கில் நியூசிலாந்தின் வடக்கே, வாங்கரே பகுதியில், வில்லியம் கொலென்சோ என்ற மதபோதகர் மவோரிப் பழங்குடிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த வெண்கலப் பாத்திரம் ஒன்றைப் பார்த்தார். வாய் உடைந்த, சிறிய பாத்திரம். சுற்றிலும் அவருக்குப் புரியாத எழுத்து. பலத்த காற்றில் சாய்ந்த ஒரு மரத்தின் வேருக்கடியில் அது கிடைத்ததாக அவர்கள் சொன்னார்கள்.

அது பாத்திரம் அல்ல, கப்பல் மணியின் மேல்பகுதி. கவிழ்த்துப் பிடித்ததால் சட்டியானது. எழுத்து தமிழ். முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று படித்தார்கள். சில எழுத்துகளின் வடிவம் பழையது என்பதால் சுமார் 500 ஆண்டுப் பழமை இருக்கலாம் என்று ஒரு கணிப்பு உண்டு. இன்று வெலிங்டனில், தே பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உலோகம் தெரிகிறது, வார்ப்பு தெரிகிறது, வேலை தெரிகிறது, சொந்தக்காரர் பெயர்கூடத் தமிழில் எழுதியிருக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு பொருள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் முகையதீனின் கப்பலே அந்தக் கரைக்கு வந்து உடைந்ததா, அல்லது மணி கைமாறிக் கைமாறி வேறொரு கப்பலில் போய்ச் சேர்ந்ததா என்று ஏறத்தாழ 200 ஆண்டுகளாக வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கொலென்சோ பார்த்தபோது அது ஏற்கெனவே அடுப்பில் இருந்தது. எந்த மரம், எந்த ஆண்டுக் காற்று, வேருக்கடியில் மணியோடு வேறு என்ன கிடந்தது என்பதற்கு விடை மணியில் இல்லை.